அப்பாவின் எஃப்.டி.யும் என் மைனஸ் கணக்கும்

நான் எண்ணெய் வாங்கினால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். காஸ் சிலிண்டர் மாற்றினால் தெரிந்துவிடும். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் நான் டிபன் கடை வைத்த முதல் சில மாதங்கள் முழுக்க இதே கதைதான். ஊரின் இன்னொரு கோடியில், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் போனில் என் கடைச் செலவெல்லாம் ஒவ்வொன்றாக வந்து விழும். அடுத்த நிமிடம் என் போன் அடிக்கும்.

"இன்னாமா, ஆயிரத்து இருநூறு போயிருக்கு?"

"எண்ணெய்ப்பா."

"நேத்துதான எண்ணெய் வாங்கன?"

"நேத்து வாங்கனது நெய்யி."

"நெய்யி எதுக்கு?"

வெண்பொங்கலுக்கு நெய் எதுக்கு என்று கேட்கிற மனிதரிடம் என்ன பதில் சொல்வது? ஒரு கையில் தோசைத் திருப்பி, தோளில் இடுக்கிய போன் என்று தினமும் நின்று எனக்குக் கழுத்து ஒரு பக்கமாகவே பிடித்துக்கொண்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஓவர் டிராஃப்ட். வங்கியில் அதை ஓ.டி. என்பார்கள். அப்பா இன்றுவரை அதை மைனஸ் கணக்கு என்றுதான் சொல்கிறார். பாஸ்புக்கில் தொகைக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு இருக்கிறதே, அந்தக் கோட்டைப் பார்த்தாலே அவர் பாஸ்புக்கை மூடிவிடுவார்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது வந்த பணத்தில் வேங்கிக்கால் வீட்டுக்குச் சுவர் பூசி, மோட்டார் போட்டு, மிச்சத்தை அப்படியே வங்கியில் டெபாசிட் செய்துவிட்டார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் எஃப்.டி. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து விளக்கேற்றாத குறைதான். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், வண்டி ரிப்பேர் என்றாலும், "எஃப்.டி. மேல மட்டும் கைய வெக்காதீங்க" என்பார். பென்ஷனில் மூக்கால் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சமாளிப்பார்.

அவர் பயத்தையும் குறை சொல்ல முடியாது. அதற்கு முன்னால் ஒரு தடவை அவர் சேர்த்து வைத்ததெல்லாம் மொத்தமாகப் போயிருந்தது. என் கல்யாணத்துக்குத்தான் போனது. நகை, பாத்திரம், மாப்பிள்ளைக்கு பைக் என்று கொடுத்த எதுவும் திரும்பி வரவில்லை. நான் மட்டும் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தேன். அதைப் பற்றி ஊரில் ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பேசாமைதான் எனக்குப் பொறுக்கவில்லை. இவளிடம் எதைக் கொடுத்தாலும் நிற்காது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாரோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

எனக்குச் சமைக்க வரும். ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்குக் காலையில் காரம் கம்மியாக, எண்ணெய் கம்மியாக ஏதாவது கிடைத்தால் போதும் என்பதும் தெரியும். சந்துக்குள் ஒரு கடை காலியாக இருந்தது. முன்பணம், அடுப்பு, கிரைண்டர், நாலு மேசை. அதற்குத்தான் பணம் கேட்டேன். அப்பா முடியாது என்றார். நான் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அது அம்மாவிடம் பலிக்கும், அப்பாவிடம் பலிக்கவில்லை. கடைசியில் அம்மாதான், "பேங்க்ல போயி என்னதான் சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாயேன், உன் காசு இன்னா தேய்ஞ்சா பூடும்?" என்று அவரைக் கிளப்பி அனுப்பினாள்.

வங்கியில் இருந்த பெண் அதிகாரி என்னைவிட வயதில் சின்னவர். பொறுமையாகச் சொன்னார். "டெபாசிட்ட உடைக்க வேணாம் சார். அது மேல ஓ.டி. தர்றோம். டெபாசிட் அது பாட்டுக்கு வளரும். தேவைப்படறப்ப எடுத்துக்குங்க, கையில வர்றப்ப போட்டுடுங்க. எடுத்த தொகைக்கு, அது வெளியில இருக்கற நாளுக்கு மட்டும்தான் வட்டி. டெபாசிட் வட்டியவிட ஒரு பர்சன்ட் ஜாஸ்தி, அவ்ளோதான்."

இத்தனையில் அப்பா காதில் விழுந்தது முதல் வரி மட்டும்.

"உடையாதில்ல?"

"உடையாது சார்."

"அப்ப சரி."

ஆனால் அதிகாரி இன்னொன்றும் சொன்னார். டெபாசிட் முதிர்கிற நாளுக்குள் எடுத்ததைத் திருப்பிக் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் டெபாசிட்டில் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தருவார்கள். இது அப்பா காதில் நன்றாகவே விழுந்தது. வெளியே வந்து படியில் செருப்பை மாட்டும்போது, என்னைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "முழுசா வரணும்மா. ஒரு ரூபா கொறையக் கூடாது."

"வரும்ப்பா" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, ஸ்கூட்டரில் வீடு திரும்பும்வரை அதே நினைப்புதான். கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும், அந்த நாளன்று எஃப்.டி. முழுதாக அவர் கைக்கு வர வேண்டும். எனக்குக் கடையைவிட இது பெரிய விஷயமாகிவிட்டது.

டெபாசிட் அப்பா பெயரில். அதனால் ஓ.டி. கணக்கும் அப்பா பெயரில். அதனால் செய்தி போவதும் அப்பா போனுக்கு. என் நம்பரைக் கொடுக்க முடியுமா என்று தனியாகப் போய்க் கேட்டேன். முடியாது என்றார்கள். ஏ.டி.எம். கார்டு மட்டும் என் கையில். நான் தேய்ப்பேன், அவருக்கு அடிக்கும்.

அந்தக் கணக்கு எனக்கு ஒரு விதத்தில் பிடித்துப்போனது. எங்கள் சந்தில் மற்ற கடைக்காரர்கள் தண்டல் வாங்குவார்கள். கடன் கொடுக்கிறவர்கள் முதலிலேயே வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். சாயங்காலமானால் வசூலுக்கு பைக்கில் ஆள் வந்து நிற்பான். வியாபாரம் நடந்ததா என்றெல்லாம் அவன் கேட்க மாட்டான். ஓ.டி.யில் அந்தத் தொல்லை இல்லை. காலையில் பாலுக்கும் காய்க்கும் எடுப்பேன். கல்லாவில் சேர்ந்ததைச் சாயங்காலம் போட்டுவிடுவேன். சேமிப்புக் கணக்கில் பணம் போட்டபோதெல்லாம் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இதில் ஆயிரம் போட்டால், இன்று ராத்திரி இந்த ஆயிரத்துக்கு வட்டி ஓடாது என்ற நினைப்பிலேயே நன்றாகத் தூங்கினேன்.

கார்த்திகை தீபம் முடிந்து மாசி வரைக்கும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ராகிக் கஞ்சி, இட்லி, கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலையில் அரைத்த சட்னி. சட்னிக்காகவே வருகிற வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். மைனஸ் மளமளவென்று குறைந்தது. நான்கூட மிதப்பில் இருந்தேன். இரண்டாவது கிரைண்டர் ஒன்றை வாங்கிப் போட்டேன். அப்பா போன் செய்தார். "ஒண்ணு இருக்குதே, அது இன்னா ஆச்சி?" என்றார்.

பங்குனி பிறந்ததும் அறைகள் காலியாக ஆரம்பித்தன. வெயில் ஏற ஏற, சந்தில் நாயும் நானும்தான். ஆனால் வாடகையும் கரண்டு பில்லும் வெயில் பார்ப்பதில்லை. மைனஸ் திரும்ப ஏறியது. எடுப்பது மட்டும் நடந்தது, போடுவதற்கு ஒன்றும் இல்லை. வைகாசியில் எடுக்கக்கூடிய எல்லையே கண்ணுக்குத் தெரிந்தது. டெபாசிட் முதிர இன்னும் ஒரு வருடம்கூட இல்லை. அப்பா போன் செய்வதை நிறுத்திவிட்டார். போன் வந்தபோது எரிச்சலாக இருந்தது. வராமல் போனபோது பயமாக இருந்தது.

அப்போதுதான் மைத்ர முகூர்த்தம் வந்து சேர்ந்தது. சித்தி பெண் ஒருத்தி அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தாள். அனுஷம், அஸ்வினி நட்சத்திரங்களில் குறிப்பிட்ட லக்னம் ஓடும் நேரத்தில் கடனில் சிறு தொகையாவது அடைத்தால், பெரிய கடனும் சீக்கிரம் தீரும். செவ்வாய்க்கிழமையாக அமைந்தால் ரொம்ப விசேஷம். அப்பா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் எந்த மாதத்தில் எந்த நேரம் என்பதெல்லாம் அவருக்கு பஸ் டைம் மாதிரி மனப்பாடம்.

அந்த நேரம் வந்தால் பென்ஷன் காசில் நூறோ இருநூறோ எடுத்துக்கொண்டு வங்கி வாசலில் இருக்கும் பணம் போடும் மெஷினுக்குப் போய்விடுவார். ஒரு செவ்வாய்க்கிழமை மெஷின் வேலை செய்யவில்லை. எனக்கு போன். "நேரம் போவுதுமா! மெஷின் கெட்டுப்போச்சி. நீ உன் போன்லேருந்து போடு, சீக்கிரம் போடு!"

கடையில் அபூர்வமாக ஆறு பேர் உட்கார்ந்திருந்த நேரம். ஒரு கையால் தோசையை எடுத்துவிட்டு, மறு கையால் என் சேமிப்புக் கணக்கிலிருந்து நூற்று ஒரு ரூபாய் அனுப்பினேன். அடுத்த நிமிடம் திரும்பவும் போன். நல்ல காரியம் செய்ததற்குப் பாராட்டப்போகிறார் என்று எடுத்தேன்.

"ஒத்த ரூபா எதுக்குச் சேத்த?"

"பழக்கம்ப்பா. மொய் எழுதற மாதிரி கை போயிடுச்சி."

"வளரட்டும்னுதான் மொய்க்கு ஒத்த ரூபா சேக்கறது. கடனுக்குச் சேப்பாங்களா? கடன் வளரணுமா உனக்கு? அறிவிருக்குதா?"

அந்த ஒரு ரூபாயை மட்டும் திரும்ப எடுக்க வழியிருக்கிறதா என்று வங்கியில் போய்க் கேட்டு வரச் சொன்னார். நான் போகவில்லை. அவரே போய்க் கேட்டார் என்று பின்னால் அந்த அதிகாரி சொல்லித்தான் தெரிந்தது.

இதுவரை சிரித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அப்பா கூடவே ஒரு சட்டமும் போட்டார். மைத்ர முகூர்த்தத்தில் கட்டிய காசைத் திரும்ப எடுக்கக் கூடாது, எடுத்தால் பலன் போய்விடும் என்றார். போடுவதும் எடுப்பதும்தான் ஓ.டி. என்று சொல்லிப் பார்த்தேன். "அது பேங்க்காரங்களுக்கு. நேரத்துல போட்ட காசு சாமிக்குப் போட்ட மாதிரி" என்றார். நூறும் இருநூறுமாக அவர் போட்டதெல்லாம் என்னைப் பொறுத்தவரை பூட்டிய பெட்டியில் இருந்தது.

ஆனி பௌர்ணமி அன்று அது வெடித்தது. வெயில் காலத்தில் பௌர்ணமிதான் எங்கள் சந்துக்குப் பிழைப்பு. மலை சுற்ற வருகிற ஜனம் செங்கம் ரோட்டில் வழிந்து சந்துக்குள்ளும் வரும். அதற்குப் பால், அரிசி, தண்ணீர் பாட்டில், காகிதக் கப் எல்லாம் முந்தின நாளே வாங்கி வைக்க வேண்டும். கணக்கில் எடுக்க மிச்சம் இருந்தது அப்பா நேரம் பார்த்துப் போட்ட காசுதான். அதையும் சேர்த்து எடுத்துவிட்டேன். எடுக்காமல் என்ன செய்வது, வெறும் அடுப்பையா காட்டுவது?

மறுநாள் மத்தியானம் அப்பா டவுன் பஸ் பிடித்து நேராகக் கடைக்கே வந்தார். ரோட்டில் ஜனம் சேர ஆரம்பித்திருந்தது. நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டே, "யாரக் கேட்டு எடுத்த? அது என் காசு. நான் போட்ட காசு" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் வரவில்லை, கோபத்தில் வந்தது. எதையாவது சொல்லி அவரை அங்கேயே நோகடித்துவிட வேண்டும்போல இருந்தது. அதற்குள் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கி, "அக்கா, ஆறு டீ, ரெண்டு பொங்கல், தண்ணி இருக்குதா?" என்று சூழ்ந்துகொண்டார்கள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன். காசு வாங்க ஆள் இல்லை. வந்தவர்கள் நோட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு நீட்டிய நோட்டு ஒன்றை வாங்கினார். இன்னொன்றை வாங்கினார். பத்து, இருபது, ஐம்பது என்று நோட்டுகளை நீளவாட்டில் மடித்து விரலிடுக்கில் சொருகிக்கொண்டார். ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகியும் அவர் விரல் மறக்கவில்லை. "சில்ற இருக்கறவங்க மொதல்ல வாங்க. உள்ள போங்க, வழிய மறிக்காதீங்க" என்று கடையையே பஸ்ஸாக்கிவிட்டார். இருட்டும்வரை நாங்கள் இருவரும் வியாபாரத்தைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் நான் எழுவதற்குள் அந்தக் காசை எடுத்துக்கொண்டு அவரே மெஷினுக்குப் போய்விட்டார். நேரம் பார்த்தாரா என்று அம்மாவிடம் கேட்டேன். "ராகு காலம்னு சொன்னன். கேக்காத போயிட்டான் உங்கப்பன்" என்றாள்.

அதன் பிறகு பௌர்ணமிதோறும் வந்தார். சண்டை நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். காகிதக் கப் பெரியதாக இருக்கிறது, சட்னி ஜாஸ்தி ஊற்றுகிறாய், அந்த வெள்ளைக்காரம்மா மூன்று தடவை சட்னி வாங்குகிறாள் என்று ஏதாவது இருக்கும். ஆனால் என் காசு என்று மறுபடி சொல்லவில்லை. நானும் அதை மறந்துவிடவில்லை. ஐப்பசி மழை முடிந்து அடுத்த சீசன் பிறந்ததும் கண் மண் தெரியாமல் உழைத்தேன். காலைக் கடையோடு சாயங்காலச் சுண்டலும் போட்டேன். புதுப் புடவை கிடையாது, சினிமா கிடையாது. மைனஸ் ஆயிரங்களில் இறங்கி, நூறுகளில் இறங்கி, மாசி முடிவதற்குள் ஒரு சாயங்காலம் மெஷின் தந்த சீட்டில் கோடே இல்லாமல் வெறும் பூஜ்யம் வந்து நின்றது. கடையில் தனியாக நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாவுக் கையோடு தொட்டுத் தொட்டுச் சீட்டெல்லாம் மாவு.

அப்பா நேரம் பார்த்துப் போட்ட நூறு, இருநூறுகளும் அந்தப் பூஜ்யத்தில் இருந்தன. அதையும் கூட்டிப் பார்த்து, ரொக்கமாக அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டாள்.

டெபாசிட் முதிர்ந்த அன்று நானும் அப்பாவும் வங்கிக்குப் போனோம். அவர் இஸ்திரி போட்ட சட்டை. அதே பெண் அதிகாரி. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஓ.டி. பாக்கி ஒண்ணும் இல்ல சார். டெபாசிட் வட்டியோட முழுசா வருது" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் எதையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஒன்றரை வருடமாகக் காத்திருந்தவள் நான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முடிச்சிடுங்க மேடம். மொத்தத்தையும் பொண்ணு கணக்குல போட்டுடுங்க."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"பக்கத்துக் கடை காலியாவுதுன்னு சொன்ன இல்ல" என்றார் என்னிடம். "அதையும் புடி. நல்ல மேச நாற்காலி வாங்கு. மைனஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். அப்பன் குடுக்கறன், வெச்சிக்க."

சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். யாரிடம் கொடுத்த காசு நிற்காது என்று அவர் நினைப்பதாக நான் பயந்தேனோ, அவளிடமே எல்லாவற்றையும் கொடுக்கிறேன் என்கிறார். ஆனால் என் வாய் வேறு சொன்னது.

"வேணாம்ப்பா. டெபாசிட் உன் பேர்லயே இருக்கட்டும். ஓ.டி.யும் அப்படியே இருக்கட்டும்."

"பெத்த பொண்ணுக்குக் கடனா குடுப்பாங்க? நான் சும்மாதான குடுக்கறன்."

"கல்யாணத்துக்குச் சும்மா குடுத்த. அதுல ஏதாவது திரும்பி வந்துச்சா? இது கடனா குடுத்த. வந்துச்சி இல்ல?"

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். போட்டுக்கொண்டு மறுபடி கழற்றித் துடைத்தார். நான் திரும்பி வந்த பிறகு என் கல்யாணத்தைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியது அதுதான் முதல் தடவை.

அதிகாரி அப்பாவைப் பார்த்து, "அப்ப ரினியூ பண்ணிடவா சார்? ஓ.டி. லிமிட் எவ்ளோ வெக்கட்டும்?" என்றார்.

"அவளக் கேளுங்க மேடம்" என்றார் அப்பா. "கட்றவ அவதான்."

நான் தொகையைச் சொன்னேன். போன தடவையைவிட ஜாஸ்திதான். அப்பா எதுக்கு என்று கேட்கவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.